புள்ளியும் இரக்கமும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறிச் சென்றவர்களுக்கு அந்த மலையின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்தில் மிளகும் கிராம்பும் பாக்கும், சற்று மேலே தேயிலை, அதற்கும் மேலே ஏலம் வளர்ந்த காடு, பின்னர் மூடுபனி. தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் உச்சியை அண்மினால் ஆளையே தள்ளிவிடும் காற்று. அந்தக் காற்றில் நின்று படம் பிடித்துக்கொள்ள நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். வழியிலுள்ள லயங்களை வாகனத்தின் கண்ணாடியூடே பார்த்தபடி கடந்துபோகிறார்கள்.

அந்த லயங்களில் ஒன்றின் வாசலில், சில மாதங்களுக்கு முன்னர், ஒரு தந்தை என்னை நிறுத்தினார். தோட்டத்துச் சிற்றாலயத்தில் பூசை முடித்துத் திரும்பும் வேளை. "சாமி, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அழைத்தவர், குவளையை நீட்டிவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்பு உள் அறையைக் கண்ணால் காட்டி, "மக வந்திருக்கா" என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை.

அந்த மகளை நானும் அறிவேன். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதற்பிள்ளை அவள். மருந்தாளர் பட்டப்படிப்புக்குத் தெரிவானாள் என்ற செய்தி வந்த நாளில் பிரட்டுக்களத்தில் அதே பேச்சு. பெட்டி வாங்கிக் கொடுத்தது ஒரு வீடு; படுக்கை விரிப்புக் கொடுத்தது இன்னொரு வீடு. அப்படிப் போனவள் முதலாம் ஆண்டுப் பரீட்சையில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டாள். ஒன்றில் நான்கு புள்ளி குறைவு. மற்றதில் அதைவிட அதிகம். மறுபடியும் எழுத வாய்ப்பு உண்டு. அவளோ, இனிப் போகமாட்டேன் என்று பெட்டியோடு வந்து இரண்டு வாரமாயிற்று.

"சாமி, நாலே நாலு புள்ளி. அவங்க கொஞ்சம் பாத்துப் போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? நீங்க பெரியவங்க யாருக்காச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது: "அப்பா, அது மருந்துக் கணக்குப் பாடம். கணக்குத் தப்பினா நோயாளி செத்துப் போவான். எனக்கு அது வரல்ல. அதனாலதான் வந்துட்டேன்."

தேநீர் கையிலேயே ஆறிப்போயிற்று. தந்தை கேட்டது அன்பினால். மகள் சொன்னது உண்மையினால். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. பின்தங்கிய மாணவனுக்கு இரங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பிறர் உயிரைக் கையில் பிடிக்கும் தொழிலுக்குப் படிக்கிறவன் பின்தங்கினால் அவனுக்கு எப்படி இரங்குவது? வாசக அன்பர்களுடன் சேர்ந்து இதைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

ஒரு புள்ளியின் எடை

முதலில் மகளின் பக்கத்தைப் பார்ப்போம். மருந்தாளர் என்றால் மருந்துக்கடையில் அட்டையிலிருந்து மாத்திரையை வெட்டிக் கொடுப்பவர் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு வீட்டில் நாள்தோறும் புழங்கும் மருந்து ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்.

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பரசிற்றமோல் மருந்தை ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் ஒரு தடவைக்கு 150 மில்லிகிராம். பாணி மருந்தில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்குமானால், கொடுக்க வேண்டியது 6.25 மில்லிலீற்றர். இது இலேசான கணக்குத்தான். ஆனால் அதே மருந்து, கைக்குழந்தைகளுக்கென ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் கொண்ட செறிந்த துளிமருந்தாகவும் வருகிறது. போத்தல் மாறி அதே 6.25 மில்லிலீற்றர் கொடுக்கப்பட்டால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது 625 மில்லிகிராம். நான்கு மடங்குக்கும் மேல். பெயர் ஒன்று, மருந்து ஒன்று, போத்தல் மட்டுமே வேறு.

இன்னும் நுண்மையான மருந்துகள் உண்டு. இருதய நோயாளருக்குக் கொடுக்கும் டிகொக்சின் என்ற மருந்தில், குணப்படுத்தும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறிது. 0.25 மில்லிகிராம் என்பதில் தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் 2.5 ஆகிவிடும்; பத்து மடங்கு. இதனாலேயே, புள்ளிக்கு முன் பூச்சியத்தை விடாமல் எழுது, முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூச்சியமும் இடாதே என்று மருந்து எழுதுவோருக்கும் கொடுப்போருக்கும் கற்பிக்கிறார்கள். வெறும் .25 என்று எழுதினால் புள்ளி மங்கி 25 ஆகலாம், 5.0 என்று எழுதினால் அதுவே 50 ஆகலாம்.

நம் தமிழில் பரீட்சையில் கிடைப்பதும் புள்ளி, எண்ணில் வைப்பதும் புள்ளி. தந்தை கேட்ட நாலு புள்ளியை இரக்கப்பட்டு அள்ளிக் கொடுத்துவிடலாம். ஆனால் மருந்துச் சீட்டில் இடம்மாறிய ஒரு புள்ளியை எந்த இரக்கத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. ஆதலால், தகுதியில்லாதவரைத் தகுதியுள்ளவர் என்று கையெழுத்திட்டு அனுப்புவது அந்த மாணவிக்குச் செய்யும் இரக்கமாகத் தோன்றினாலும், அவளிடம் நாளை வந்து நிற்கப்போகும் முகம் தெரியாத நோயாளிக்கு இழைக்கும் அநீதியாகும். கண்முன்னே அழுகிறவனுக்குக் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாதவனிடமிருந்து பறிப்பது தருமமாகாது. இந்த மட்டில் மகள் சொன்னதே சரி.

அவள் ஏன் தவறினாள்?

ஆனால், அளவு சரியானது என்பதனால் அந்த அளவை எட்டாதவர் எல்லோரும் தகுதியற்றவர் என்று ஆகிவிடுமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

இவள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தமிழில் படித்துச் சித்தியடைந்தவள். பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்த்தனபுர, ருகுணு முதலிய பல்கலைக்கழகங்களில் நான்காண்டுக் காலம் நடைபெறும் இப்பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. நேற்றுவரை ஒரு மொழியில் சிந்தித்த பிள்ளை, இன்று இன்னொரு மொழியில் கேட்டு, மூன்றாவது மொழியில் பேசும் தோழியரிடையே அமர்ந்து, மருந்தாக்கவியலையும் மருந்தியலையும் உயிர் இரசாயனத்தையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும். அவளுக்கு வராதது கணக்கா, அல்லது கணக்கைச் சொன்ன மொழியா என்று நான் அவளிடமே கேட்டேன். சற்று யோசித்து, "பாதர், கேள்வியில என்ன கேக்குறாங்கன்னே பாதி நேரம் எனக்கு விளங்கல்ல" என்றாள். யாரிடமாவது கேட்டாயா என்றேன். "கேட்டா, இது கூடத் தெரியாதான்னு நெனப்பாங்க."

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. மலையக மக்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கியது 1970களில்தான். பிறர் மூன்று தலைமுறையாக ஏறிய ஏணியில் இவர்கள் நேற்றுத்தான் கால் வைத்தார்கள். அந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தனியாகத்தான் அமர்ந்திருந்தாள். ஆனால் அவள் முதுகில் இருந்த சுமை அவள் ஒருத்தி சேர்த்ததன்று.

இதை அரசும் அறியாமல் இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்களே அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் மாவட்ட மக்கள் தொகையின்படியும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. எல்லோரும் ஒரே இடத்திலிருந்து ஓட்டத்தைத் தொடங்கவில்லை என்று சமுதாயமே ஒப்புக்கொண்டுள்ளது என்பதே இதன் பொருள். அப்படி ஒப்புக்கொண்டு வாசலில் கை நீட்டிய சமுதாயம், பிள்ளை உள்ளே வந்தபின் அந்தக் கையை மடக்கிக்கொள்வது முறையா? கதவைத் திறந்துவிட்டு, உள்ளேயிருக்கும் படிகளை நீயே தடவிக் கண்டுபிடி என்று விளக்கை அணைத்துவிடுவதற்கு ஒப்பாகாதா?

யாருக்கு அஞ்ச வேண்டும்?

"மெல்லக் கற்கும் மாணவன் மருந்தாளனானால் ஆபத்து அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மருந்தினால் நேர்ந்த பெருந்தீங்குகளைத் திரும்பிப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் என்ற மருந்தை, டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்துப் பாணியாக விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் குழந்தைகள். அந்தப் பாணியின் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் பார்த்தவர்கள், அது நஞ்சா என்று சோதித்துப் பார்க்கவில்லை. அதே நஞ்சு 2022இல் ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில், குழந்தைகளுக்கான இருமல் மருந்துகளில் மீண்டும் காணப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். நம் நாட்டிலும் 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபியுலின் மருந்து போலியானது என்று தெரியவந்து பெரும் வழக்காயிற்று.

இவற்றுக்கெல்லாம் காரணமானவர்கள் முதலாம் ஆண்டுப் பரீட்சையில் இரு பாடங்களில் தவறி அழுத மாணவர்கள் அல்லர். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல மறந்தவர்கள். "சோதித்துப் பார்ப்போம்" என்று நிற்காதவர்கள். தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டவர்கள். மருந்துத் தொழிலில் அஞ்ச வேண்டியது அறியாமைக்கன்று, மறைத்து வைக்கப்பட்ட அறியாமைக்கு. தெரியாததைத் தெரியாதென்று சொல்பவனுக்குக் கற்பிக்கலாம். தெரிந்ததுபோல் தலையாட்டுகிறவனுக்குக் கற்பிக்க முடியாது. அவன் தலையாட்டல் ஒருநாள் யாரோ ஒருவரின் மருந்துப் பொட்டலத்தில் போய் நிற்கும்.

அப்படியானால், கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்கும் ஒவ்வொரு வேளையும் நாம் என்ன செய்கிறோம்? அறியாமையை மறைக்கப் பழக்குகிறோம். தவறியதற்காக வெட்கப்பட வைக்கும் வீடும், விளங்கவில்லை என்றதற்காகச் சிரிக்கும் வகுப்பும் சேர்ந்து உருவாக்குவது நல்ல மருந்தாளரை அல்ல. நன்றாக மறைக்கத் தெரிந்த மருந்தாளரை. ஆதலால் பின்தங்கிய மாணவனுக்கு உதவுவது தரத்தைக் குறைப்பதாகாது. உண்மையைச் சொல்லத் துணிவு தருவது தரத்தின் முதற்படி.

இரு தட்டிலும் ஒரே நோயாளி

இப்போது அந்த லயத்துக்கே திரும்பிவருவோம். அந்த வீட்டுப் பாட்டிக்கு நெடுநாளாக மூட்டு வாதம். இத்தகைய நோய்க்கு மெத்தோட்ரெக்சேற் என்றொரு மருந்து கொடுப்பதுண்டு. அதை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை சிதைந்து உயிருக்கே கேடாகும். இப்படி நேர்ந்த மரணங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. மற்ற மாத்திரைகளையெல்லாம் தினமும் போட்டுப் பழகிய ஒரு முதியவளுக்கு, இதை மட்டும் வாரத்தில் ஒருநாள் என்று யார் சொல்வது? எந்த மொழியில் சொல்வது? பெட்டியில் எழுதியிருப்பதை அவள் வாசிக்க மாட்டாள். சொல்லப்படும் மொழி விளங்காவிட்டாலும், மரியாதைக்காகத் தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்தப் பாட்டியிடம், "அம்மாயி, இந்த மஞ்ச மாத்திர ஞாயித்துக்கிழம மட்டுந்தான். பூசைக்குப் போற நாளுன்னு ஞாபகம் வச்சுக்கங்க" என்று சொல்லக்கூடிய மருந்தாளர் ஒருவர் கண்டியிலோ மாத்தளையிலோ கருமபீடத்தின் அப்பால் நிற்பாரானால், அது ஓர் உயிரைக் காக்கும் வேலை. அந்த வார்த்தையைச் சொல்லக்கூடிய பிள்ளைதான் பெட்டியோடு வீடு திரும்பி உள் அறையில் படுத்திருந்தாள்.

நம் நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலே என்ற பெருமகன் இருந்தார். ஏழைக்கும் நல்ல மருந்து நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்று உழைத்தவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமாயிருந்தவர், 1977இல் காலமானார். எந்த மருந்து உண்மையில் தேவை, எது வீண் என்று பிரித்துப் பார்க்கும் அறிவை ஏழையின் பக்கம் நிற்க வைத்தார் என்பதே அவர் பெருமை. ஆனால் எவ்வளவு நல்ல மருந்தை எவ்வளவு மலிவாக வாங்கி வைத்தாலும், அது நோயாளியைச் சேர்வதற்குமுன் கடைசியாகக் கடக்கும் கை மருந்தாளரின் கை. அந்தக் கை தவறாமலும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் இருக்கவும் வேண்டும்.

நாம் வழக்கமாகத் தராசின் ஒரு தட்டில் மாணவனையும் மறு தட்டில் நோயாளியையும் வைத்து, எவருக்கு இரங்குவது என்று திகைக்கிறோம். அந்தத் தராசே தவறு. இரு தட்டிலும் இருப்பவர் அந்தப் பாட்டிதான். தகுதியில்லாத கையிடம் என்னை ஒப்படைக்காதே என்று அவள் ஒரு தட்டிலிருந்து கேட்கிறாள். எனக்கு விளங்கும்படி பேசக்கூடிய பிள்ளையைப் பாதிவழியில் கைவிட்டுவிடாதே என்று மறு தட்டிலிருந்தும் அவளே கேட்கிறாள். இரண்டையும் நிறைவேற்ற ஒரே வழிதான் உண்டு. அளவு அசையாமல் நிற்க வேண்டும்; ஆள் அந்த அளவுக்கு உயரும்வரை நாம் துணை நிற்க வேண்டும்.

சிவப்பு மையும் இரவு விளக்கும்

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. குருமடத்தில் மெய்யியல் படித்த முதலாண்டில் தருக்கவியல் பாடம் எனக்குச் சுத்தமாக வரவில்லை. எனக்கும் அதே நோய்தான்: ஆங்கிலம். முதற் பரீட்சையில் நூற்றுக்கு 28. விடைத்தாளில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் எழுதியவர் ஒரு வயதான குருவானவர். எவரிடமும் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவர். பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று நினைத்திருந்த அன்று மாலை, அவரே என் அறைக் கதவைத் தட்டினார். "இராச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வா. அந்த விடைத்தாளையும் எடுத்து வா" என்றார்.

அந்த ஆண்டு முழுவதும் கிழமைக்கு மூன்று இரவு அவர் அறையில் விளக்கு எரிந்தது. ஒரு வாக்கியத்தைப் பத்து முறை கேட்டேன். பத்து முறையும் சொன்னார். 28ஐ அவர் 40 ஆக்கவில்லை. அப்படி ஆக்கியிருந்தால் அன்றிரவு மகிழ்ந்திருப்பேன்; இன்றுவரை எனக்குத் தருக்கம் தெரிந்திராது. அடுத்த பரீட்சையில் 51 எடுத்தேன். சிவப்பு மையால் 28 எழுதிய கையும், இரவில் எனக்காக விளக்கேற்றிய கையும் ஒன்றே என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்தி மரத்தின் உவமை உண்டு. மரத்தை வெட்டிவிடச் சொல்கிறான் தோட்டத்தின் சொந்தக்காரன். தோட்டக்காரனோ இலையையே கனியாகக் கணக்கெடுங்கள் என்று கெஞ்சவில்லை. இன்னும் ஓராண்டு கேட்கிறான். அந்த ஓராண்டில் தானே வேரைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகச் சொல்கிறான். அவகாசமும் கேட்டான், உழைப்பையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். உழைப்பைத் தராமல் அவகாசம் மட்டும் தருபவன் நாளைக் கடத்துகிறான். எதையும் தராமல் புள்ளியைத் தருபவன் பொய் சொல்கிறான்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே, பிள்ளை வீட்டுக்கு வந்தால் "எத்தனை புள்ளி?" என்று தொடங்காதீர்கள். "எது விளங்கவில்லை?" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாமல் இருக்கலாம், அதனால் குறையில்லை. விளங்கவில்லை என்று சொல்லக்கூடிய ஓர் இடம் உலகில் தனக்கு உண்டு என்று பிள்ளை அறிந்தாற் போதும். விடுமுறையில் வந்த பிள்ளையிடம் வீட்டுக் கடனின் கதை முழுவதையும் இறக்கிவைக்காதீர்கள். 1981இல் தொடங்கிய மகாபொல போன்ற புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பணத்திலிருந்து வீட்டுக்கு மிச்சம் பிடித்து அனுப்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பசியோடு படிப்பவனிடம் கவனம் இல்லை என்று குறை கூறுவது அறமன்று.

ஏற்கனவே பட்டம் பெற்றுத் தொழிலில் இருப்பவர்களே, உங்கள் பழைய குறிப்புகளை மாணவருக்குக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் அவிழ்த்துக் காட்டி, விடையை மீண்டும் ஆங்கிலத்தில் எழுத வையுங்கள். மருந்துக் கணக்கு மனப்பாடத்தால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. நாளைக்குப் பத்துக் கணக்கு வீதம் முப்பது நாள் செய்தவனின் கை எளிதில் நடுங்காது. இன்று தொலைபேசி வழியாகவே இதைச் செய்யலாம்; ரிவர்ஸ்டன் உச்சியில் நிற்கும் கோபுரம் படம் அனுப்புவதற்கு மட்டும் கட்டப்பட்டதன்று.

கற்பிக்கும் பெரியோரிடமும் பணிவோடு ஒரு விண்ணப்பம். ஆண்டிறுதியில் தெரியவரும் தோல்வி மரண அறிவித்தல் போன்றது. அப்போது அழுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. முதல் மாதத்திலேயே ஒரு சிறு தேர்வு வைத்து, யாருக்கு எது வரவில்லை என்று கண்டுகொண்டால், அது நோயை ஆரம்பத்திலேயே அறிவதை ஒக்கும். தவறிய விடைத்தாளை மாணவனுடன் அமர்ந்து ஒருமுறை பார்ப்பது, பத்து அறிவுரைகளைவிடப் பயன் தரும். இவற்றை ஏற்கனவே செய்துவரும் ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுக்கு நம் குடும்பங்கள் கடமைப்பட்டுள்ளன.

திரும்பி வரும் பாதை

இவ்வளவும் செய்த பின்னரும் சிலருக்கு வராமற் போகலாம். அதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். உதவி என்பது வெற்றிக்கு உத்தரவாதமன்று. எல்லா முயற்சியும் செய்து, இது எனக்குரிய வழியன்று என்று ஒரு பிள்ளை கண்டுகொண்டால், அந்தப் பிள்ளை தோற்றவன் அல்லன். பிறர் உயிரைத் தன் பெருமைக்குப் பணயம் வைக்க மறுத்தவன். அவனை வேறு துறைக்குத் தலைநிமிர்ந்து அனுப்பிவைக்கும் பெருந்தன்மை நம் வீடுகளுக்கு வேண்டும். திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தாலேயே சிலர் முடியாததைத் தொடர்கிறார்கள்; சிலர் உயிரையே வெறுக்கும் அளவுக்குப் போய்விடுகிறார்கள். எந்தப் பட்டமும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது.

ஆனால் முயன்று பார்த்து விலகுவது வேறு; வெட்கத்தால் ஓடிவருவது வேறு. அந்த லயத்து மகள் ஓடித்தான் வந்திருந்தாள். அதை அவளிடமே சொன்னேன். "கணக்குத் தப்பினால் நோயாளி சாவான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறதே, அந்தப் பயம் வேண்டும், மகளே. அந்தப் பயம் இல்லாதவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. பயத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போ, வெட்கத்தை இங்கேயே விட்டுவிடு" என்றேன். தந்தையிடம், "எவரிடமும் புள்ளி கேட்டுப் போகமாட்டேன். கற்றுக்கொடுக்க ஆள் கேட்டுப் போவேன்" என்றேன். அவருக்கு அது முழுத் திருப்தி தரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆயினும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை நடந்தவர் அவர்தான்.

மாத்தளையில் தொழில்செய்யும் இளம் மருந்தாளர் ஒருவர் கிழமைக்கு இரண்டு மாலை தொலைபேசி வழியாக அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் மறுபரீட்சை எழுதிவிட்டாள். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை பெறுபேறு வரவில்லை. கதை நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியாததை முடிந்ததாக எழுதுவது நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கே மாறாகிவிடும்.

சென்ற வாரம் அந்த வழியே போனபோது பாட்டி வாசலில் அமர்ந்திருந்தாள். பேத்தி எப்படி என்று கேட்டேன். "படிக்குது சாமி. கேள்வி கேக்குதாம்" என்றாள். கேள்வி கேட்கிறாள் என்றால், தெரியாததை மறைக்கவில்லை என்று பொருள். பெறுபேறு எப்படி வந்தாலும், அந்தப் பாடத்தில் அவள் சித்தியடைந்துவிட்டாள். மீதியில் அவளுக்குத் துணை நிற்பது நம் பாடம்.